கோழி மெத்தியோனின் மாட்டுக்கு உதவாது

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் மாடு வளர்க்கும் அண்ணன் ஒருவர், மலிவாகக் கிடைத்த மெத்தியோனின் (புரதத்தை உருவாக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று) தூளைத் தவிட்டோடு கலந்து ஒரு மாதம் போட்டுப் பார்த்தார். பாலில் ஒரு மாற்றமும் இல்லை. "போலி மருந்து போலிருக்கு தம்பி" என்றார். போலி இல்லை, அது கோழித் தீவனத்துக்கானது.

மாட்டின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உண்டு. சாதாரண மெத்தியோனின், அதேபோல இன்னொரு அமினோ அமிலமான லைசின் தூளில் பெரும்பகுதியை அவை சிதைத்துவிடும். சிறுகுடல்வரை போய்ச் சேர்ந்தால்தான் பாலுக்குப் பயன். அதனால் பையில் 'ரூமன் புரொடெக்டட்', அதாவது முதல் வயிற்றில் சிதையாமல் காக்கப்பட்டது என்று இருக்கிறதா பாருங்கள். பெரும்பாலும் பூச்சு பூசிய சிறு மணிகளாக இருக்கும். அதை அரைக்காதீர்கள், சூடான கஞ்சியில் கொட்டாதீர்கள். பூச்சு போனால் காசும் போச்சு.

நமக்கு மலிவாகக் கிடைப்பது செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு. அதில் சுமார் 16 சதவீதம் புரதம் இருந்தாலும் லைசினும் மெத்தியோனினும் குறைவு. சோயாப் புண்ணாக்கு சேர்த்தால் லைசின் ஏறும், மெத்தியோனின் அப்போதும் குறைவாகவே இருக்கும். குடலில் சேரும் அளவில் லைசின் 3 பங்குக்கு மெத்தியோனின் 1 பங்கு என்பது பொதுவான கணக்கு.

அப்புறம், வயிறு நிறைய நல்ல நேப்பியர் புல் கிடைக்காத மாட்டுக்கு இதெல்லாம் வீண் செலவு. கன்று போட்ட முதல் 3 மாதம், நன்றாகக் கறக்கும் மாட்டுக்கு மட்டும் கொடுத்துப் பாருங்கள். வாளியை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பல நேரம் பால் அளவு ஏறாது, பாலின் புரதம்தான் ஏறும்.