பழைய ரேஸ் புறா வம்சத்தைத் தேடுவது எப்படி: பெடிகிரி தாளையும் இறகின் நிறத்தையும் ஒத்துப் பார்க்கும் முறை

ரேஸ் புறா வாங்கப் போனால் முதலில் காதில் விழுவது ஒரு பெயர்தான். "இது ஜான்சன் லைன்", "இதன் தாத்தா ஃபாப்ரி" என்பார்கள். கூடவே புறாவின் முன்னோரை வரிசையாக எழுதிய பெடிகிரி தாளும் கைக்கு வரும். தாளில் எழுதியிருப்பதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் புறாவை வைத்தே ஓரளவு சோதிக்க முடியும். ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். நிறத்தை வைத்து ஒரு புறா இன்ன வம்சம்தான் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் தாளில் தவறான பெற்றோரை எழுதியிருந்தால், பல நேரங்களில் நிறம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இது ஏன் முக்கியம்? 2019-ல் ஆர்மாண்டோ என்ற பெல்ஜியம் ஆண் புறா 12.5 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது. அடுத்த ஆண்டு நியூ கிம் என்ற பெண் புறா 16 லட்சம் யூரோவுக்குப் போனது. இந்த அளவு பணம் புழங்கும் இடத்தில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் நின்றாலே விலை ஏறும். அதனால்தான் தாளைச் சோதிக்கப் பழகுவது நல்லது.

படி 1: பெயருக்குப் பின்னால் யார், எந்த ஊர்?

இப்படிப் பெயர் சொல்லி அழைக்கும் லைன், அதாவது ஸ்ட்ரெயின், என்பது தனி இனம் அல்ல. ஒரு வளர்ப்பாளரோ ஒரு குடும்பமோ தங்கள் கூண்டில் பல பத்தாண்டுகள் தேர்ந்தெடுத்து, ஜோடி சேர்த்து, பந்தயத்தில் விட்டு, நிலைத்ததை மட்டும் வைத்துக்கொண்ட பறவைக் குடும்பம் அது. ஜான்சன் என்றால் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் மாகாணத்தில், நெதர்லாந்து எல்லைக்கு அருகே இருக்கும் ஆரெண்டாங்க் ஊர்ச் சகோதரர்கள். ஸ்டிச்சல்பாட் என்றால் அதே பெல்ஜியத்தில், ஃபிளாண்டர்ஸ் பகுதியில் இருக்கும் லாவே. ஃபாப்ரி என்றால் பெல்ஜியத்தின் லியேஜ். சியோன் என்றால் பிரான்ஸின் டூர்குவான். இவர்களில் யாரும் வெளிப் பறவையே சேர்க்காமல் வளர்த்ததில்லை. இன்று சென்னையில் ஒருவர் "சுத்த ஜான்சன்" என்று காட்டும் பறவைக்கும் ஆரெண்டாங்க் கூண்டுக்கும் நடுவே எத்தனை தலைமுறை, எத்தனை கைகள் என்று முதலில் கேளுங்கள். ஐந்து தலைமுறைக்கு முன்னால் ஒரே ஒரு ஜான்சன் பறவை இருந்து, மற்றதெல்லாம் வேறு என்றால், அதன் பங்கு சராசரியாக 32-ல் ஒன்று, அதாவது 3 சதவீதம் சொச்சம்தான்.

படி 2: காலில் இருக்கும் ரிங்

குஞ்சு பொரித்து ஒரு வாரம் ஆகும்போது மூட்டு இல்லாத வளையத்தைக் காலில் மாட்டுவார்கள். அப்புறம் கால் பெருத்துவிடும். வளையத்தை வெட்டாமல் கழற்ற முடியாது. அதில் நாட்டின் குறி, பிறந்த ஆண்டு, வரிசை எண் இருக்கும். பழைய புறாக்களைச் சில நேரம் இந்த எண்ணை வைத்தே அழைப்பார்கள். ஜான்சன் சகோதரர்களிடம் 1970-ல் பிறந்த புகழ்பெற்ற "019", தன் ரிங்கின் கடைசி மூன்று இலக்கங்களால்தான் அந்தப் பெயரைப் பெற்றது.

தாளில் உள்ள எண், காலில் உள்ள எண், உரிமைச் சீட்டில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிறகு பெற்றோரின் ஆண்டுகளைப் பாருங்கள். குஞ்சு பிறந்த ஆண்டில் தாய்க்கு 15 வயது என்று கணக்கு வந்தால், அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும்.

படி 3: தாளை நிறங்களாக மாற்றி எழுதுங்கள்

நான்கு தலைமுறைப் பெடிகிரியில் 2, 4, 8, 16 என்று மொத்தம் 30 முன்னோர் வருவார்கள். ஒரு வெள்ளைத் தாளில் அதே கட்டங்களைப் போட்டு, பெயர்களை விட்டுவிட்டு, ஆணா பெண்ணா, என்ன நிறம் என்பதை மட்டும் எழுதுங்கள். பெயர்கள் கண்ணில் படாதபோதுதான் கணக்கு தெளிவாகத் தெரியும்.

பெல்ஜியம், நெதர்லாந்துத் தாள்களில் நிறம் டச்சு மொழியில் இருக்கும். ப்ளாவ் என்றால் நீலப் பட்டை. கிராஸ் என்றால் செக்கர், அதாவது இறக்கையில் கட்டம் கட்டமாக வரும் கோலம். பெல்ஜியத்தில் அதையே கெஸ்கெல்ப்ட் என்பார்கள். ஃபால் (vaal) என்றால் நம்மவர்கள் மீலி என்று சொல்லும் சிவப்புப் பட்டை. வோஸ் என்றால் சிவப்பு. ஸ்கிம்மல் என்றால் கிரிசில், அதாவது வெள்ளை கலந்த நரை நிறம். டோஃபர் ஆண், டைஃபின் பெண். இந்தச் சொற்கள் தெரிந்தால் பாதித் தாளைப் படித்துவிடலாம்.

படி 4: பறவையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

புறாவுக்கு அடிப்படை நிறம் மூன்றே மூன்று: சாம்பல் சிவப்பு, நீலம், பழுப்பு. சிவப்பு மற்ற இரண்டையும் மறைக்கும், நீலம் பழுப்பை மறைக்கும். மற்றவையெல்லாம் இவற்றின் மேல் ஏறும் மாற்றங்கள்.

சிவப்புப் புறா என்றால் வெளிச்சத்தில் இறக்கையை விரித்து, வாலையும் விசிறி போல் பிரியுங்கள். வாலும் இறக்கை நுனியும் வெளிறிய சாம்பலாக இருந்தால் அது சாம்பல் சிவப்பு. வால் உட்பட எல்லா இடமும் ஒரே அடர் சிவப்பாக இருந்தால் அது வேறு கதை, ஒடுங்கு சிவப்பு, அதாவது பெற்றோரில் வெளியே தெரியாமல் மறைந்திருக்கக்கூடியது. இரண்டு நீலப் புறாக்கள் ஒடுங்கு சிவப்பை மறைத்து வைத்திருந்து, நான்கில் ஒரு குஞ்சு சிவப்பாக வரலாம். இது தெரியாமல் விற்றவரைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கீழே வரும் விதிகள் சாம்பல் சிவப்புக்கு மட்டும்தான்.

அடுத்து, சாம்பல் சிவப்பு ஆணின் பெரிய இறகுகளிலும் வாலிலும் மை தெளித்த மாதிரி கருப்புப் புள்ளிகளோ கோடுகளோ இருக்கிறதா தேடுங்கள். இருந்தால் அது உள்ளே நீலத்தைச் சுமக்கிறது. புள்ளி பழுப்பாக இருந்தால் பழுப்பைச் சுமக்கிறது. இளம் பறவையில் புள்ளி குறைவாக இருக்கும். வயது ஏற ஏற கூடும். அதனால் முதல் இறகு உதிர்வுக்கு முன்னால் "புள்ளி இல்லை, சுத்தச் சிவப்பு" என்று முடிவு கட்டாதீர்கள். பெண்ணுக்கு இந்தப் புள்ளிகள் வராது. சிவப்புப் "பெண்"ணின் இறகில் புள்ளிகள் இருந்தால், அது உண்மையில் பெண்தானா என்று இன்னொரு முறை பாருங்கள்.

படி 5: மகள் நிறம் அப்பாவிடமிருந்து

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அடிப்படை நிறத்தின் மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. ஆணுக்கு இரண்டு இசட், பெண்ணுக்கு ஒன்றுதான். மகளுக்குக் கிடைக்கும் அந்த ஒரே இசட் அப்பாவிடமிருந்து வருகிறது. அம்மாவின் இசட் மகன்களுக்குத்தான் போகும்.

இதிலிருந்து மூன்று விதிகள் கிடைக்கின்றன. சாம்பல் சிவப்புப் பெண்ணின் அப்பா கட்டாயம் சாம்பல் சிவப்பு. சாம்பல் சிவப்பு அம்மாவுக்குப் பிறக்கும் மகன்கள் எல்லாரும் சாம்பல் சிவப்பு. நீலமும் நீலமும் சேர்ந்தால் சாம்பல் சிவப்பு வராது.

உதாரணத்துக்கு, தாளில் அப்பா நீல செக்கர், அம்மா சிவப்பு செக்கர், விற்பனைக்கு இருப்பது சிவப்பு செக்கர் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தால் இயல்பாகத் தோன்றும். அம்மா சிவப்பு, மகளும் சிவப்பு. ஆனால் இது நடக்காது. இந்த ஜோடிக்கு மகன்கள் எல்லாம் சிவப்பு, மகள்கள் எல்லாம் நீலம் (அப்பா உள்ளே பழுப்பைச் சுமந்தால் சில மகள்கள் பழுப்பு). (இந்த ஜோடியைப் போட்டால் கூட்டிலேயே ஆண் பெண் பிரித்துவிடலாம், அது தனி வசதி.) ஆக, ஒன்று தாளில் உள்ள அப்பா உண்மையான அப்பா இல்லை, அல்லது நிறத்தைத் தவறாக எழுதியிருக்கிறார்கள், அல்லது அந்தப் பறவை பெண்ணே இல்லை. மூன்றையும் விசாரியுங்கள். எடுத்தவுடனே மோசடி என்று சொல்லிவிட வேண்டாம். ஒரே கூண்டில் பல ஜோடிகள் இருந்தால் பக்கத்து ஆண் மிதித்துப் பிறந்த குஞ்சுகள் சாதாரணமாகவே வரும்.

படி 6: இறக்கையில் உள்ள கோலம்

இதற்கும் பாலினத்துக்கும் தொடர்பில்லை, அதனால் எளிது. மேலிருந்து கீழாக அடர் செக்கர், செக்கர், பட்டை, பட்டை இல்லாதது என்று வரிசை. மேலே உள்ளது கீழே உள்ளதை மறைக்கும். இரண்டு செக்கருக்குப் பட்டைக் குஞ்சு வரலாம். ஆனால் இரண்டு பட்டைக்குச் செக்கர் வராது. உடல் முழுக்கக் கருப்பாகவோ வெள்ளையாகவோ இருக்கும் பறவையில் கோலம் மறைந்துவிடும்; அங்கே இந்த விதியைப் பயன்படுத்தாதீர்கள்.

இந்தச் செக்கர் கோலம் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். காட்டு மாடப்புறாவின் அடையாளம் இரண்டு கருப்புப் பட்டைகள். செக்கர் கோலத்தின் மரபணு வடிவம், ஆப்பிரிக்காவின் புள்ளிப் புறா என்ற வேறொரு இனத்தோடு எப்போதோ நடந்த கலப்பில் வந்தது என்று 2018-ல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெல்ஜியத்தின் பழைய சாம்பியன்கள் பலவற்றின் இறக்கையில் அந்த ஆப்பிரிக்கப் பறவையின் பங்கு இருக்கிறது.

படி 7: சிவப்பைப் பின்தொடருங்கள்

சாம்பல் சிவப்பு மற்றதை மறைக்கும் ஓங்கு நிறம் என்பதால் சாதாரணமாக ஒரு தலைமுறை பதுங்கி அடுத்ததில் வெளிவராது. இன்றைய சிவப்புப் பறவையிலிருந்து பின்னோக்கிப் போனால், அறுந்துபோகாத சிவப்புச் சங்கிலி ஒன்று இருந்தே ஆக வேண்டும். படி 3-ல் எழுதிய தாளில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். பெண்ணிலிருந்து கோடு அப்பாவுக்கு மட்டும் போகும். ஆணிலிருந்து சிவப்பாக இருக்கும் பெற்றோருக்குப் போகும். கோடு எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதற்கு முந்தைய தலைமுறையில்தான் சந்தேகம்.

இன்னொரு பயனும் உண்டு. ஜான்சன் பெயரில் வரும் உங்கள் பறவையின் சிவப்பு, தாளில் வேறொரு கூண்டுப் பறவை வழியாக உள்ளே வந்திருக்கலாம். அப்போது "இந்தச் சிவப்புதான் ஜான்சன் அடையாளம்" என்ற பேச்சு அந்தப் பறவைக்குப் பொருந்தாது. நீலப் பறவையில் இப்படித் தேட முடியாது. நீலம் எல்லா வம்சத்திலும் உண்டு.

படி 8: டிஎன்ஏ சோதனை

நிறம் இடித்தால், அல்லது நிறையப் பணம் கொடுத்து வாங்குவதாக இருந்தால், பெற்றோர் சோதனை செய்துவிடுங்கள். குஞ்சு, அப்பா, அம்மா மூன்றிலிருந்தும் வேர் ஒட்டியிருக்கும்படி சில சிறு இறகுகளைப் பிடுங்கி, தனித்தனி உறையில் போட்டு, ரிங் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். தரையில் விழுந்து கிடக்கும் இறகு வேண்டாம், எந்தப் பறவையுடையது என்று தெரியாது. இந்தச் சோதனை "இவர்கள்தான் பெற்றோரா" என்பதற்குத்தான் பதில் தரும். "இது ஜான்சனா" என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

இன்றிலிருந்து உங்கள் கூண்டுக்கென்று ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு குஞ்சுக்கும் ரிங் எண், பெற்றோர் எண், அடிப்படை நிறம், கோலம் நான்கையும் எழுதுங்கள். இறகு உதிர்ந்து முடிந்ததும் விரித்த இறக்கையையும் வாலையும் ஆண்டுக்கு ஒரு முறை படம் எடுத்து அதே எண்ணில் சேமியுங்கள். சிவப்பு ஆண்களின் புள்ளிகள் கூடுவது அந்தப் படங்களில்தான் சரியாகத் தெரியும்.