புதிய முதுநிலைப் பாடத்துக்கு ஒப்புதல் வாங்குவது எப்படி? குழுக்கள் பார்ப்பது என்ன, படிப்படியாக

பல்கலைக்கழகத்தில் ஒரு முதுநிலைப் பாடத்தைப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றால், அதைக் கற்பிக்கத் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. நாலைந்து குழுக்கள் அதைப் படித்து, கேள்வி கேட்டு, சரி என்று சொல்ல வேண்டும். முதல் தடவை இந்த வழியில் போகிற ஆசிரியர்களுக்கு, படிவம் எங்கே போகிறது, ஏன் திரும்பி வருகிறது என்று புரிவதில்லை. இப்படிப்பட்ட குழுக்களில் உட்கார்ந்து முன்மொழிவுகளைப் படித்தவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன்: மோசமான பாடம் என்பதால் திரும்புகிறவை குறைவு. படிக்கிறவருக்கு வேண்டிய பதில் தாளில் இல்லாததால் திரும்புகிறவையே அதிகம்.

படி 1: எந்தெந்த மேசைக்குப் போகும் என்று பாருங்கள்

பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும். வரிசை பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் துறையின் பாடத்திட்டக் குழு, அடுத்து கல்லூரி அல்லது புல அளவிலான குழு, அப்புறம் பல்கலைக்கழகம் முழுமைக்குமான முதுநிலைக் கல்விக் குழு, கடைசியாகக் கல்விப் பேரவை அல்லது செனட்.

ஒவ்வொன்றும் வேறு கேள்வியோடு உங்கள் தாளைத் திறக்கிறது. துறைக்குழு "இது நமக்கு வேண்டுமா, யார் நடத்துவார்கள்?" என்று பார்க்கும். புலக்குழு "வேறு துறையில் இது ஏற்கெனவே இருக்கிறதா, பணமும் ஆய்வகமும் எங்கிருந்து வரும்?" என்று பார்க்கும். முதுநிலைக் குழுவின் கவலை தரம்: "இது உண்மையிலேயே முதுநிலைக்கு உரியதா?" பேரவைக்கு வரும்போது, முந்தைய படிகள் முறையாக நடந்தனவா என்பதே முக்கியமாகிவிடும். ஒரே ஆவணம் இந்த எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும் என்பதை மனதில் வைத்து எழுதத் தொடங்குங்கள்.

தேதிகளையும் இப்போதே பாருங்கள். குழுக்கள் பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் கூடும், விடுமுறையில் கூடாது. கூட்டத்துக்குச் சில வாரம் முன்பே தாள்கள் போய்ச் சேர வேண்டும். பாடம் எந்தப் பருவத்தில் தொடங்க வேண்டுமோ அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், ஓர் ஆண்டுக்கு முன்பே வேலையை ஆரம்பிக்க வேண்டியிருப்பது தெரியும். அவசரம் என்றால், பல இடங்களில் 'சிறப்புத் தலைப்பு' என்ற பொதுப் பாட எண்ணின் கீழ் ஒன்றிரண்டு தடவை சோதனையாக நடத்திப் பார்க்க அனுமதி உண்டு. அப்படி நடத்திய பிறகு வருகிற முன்மொழிவு பெரும்பாலும் திடமாக இருக்கும், ஏனென்றால் அதில் கற்பனை குறைவு.

படி 2: படிவத்தைத் தொடும் முன் துறைக்குள் பேசுங்கள்

எந்தப் பட்டத்துக்கு இது, கட்டாயப் பாடமா விருப்பப் பாடமா, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை நடத்துவோம், உங்களைத் தவிர வேறு யாரால் நடத்த முடியும் என்றெல்லாம் பேசி வையுங்கள். கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஒருவரை நம்பி நிற்கிற பாடம், அவர் விடுப்பில் போனால் நின்றுவிடும். அது கட்டாயப் பாடமாக இருந்தால், மாணவரின் பட்டமும் சேர்ந்து தள்ளிப்போகும்.

படி 3: கற்றல் விளைவுகளை எழுதுங்கள்

பாடம் முடிந்ததும் மாணவரால் என்ன செய்ய முடியும் என்பதுதான் கற்றல் விளைவு. குழு முதலில் புரட்டுகிற பக்கம் இதுதான். அதிகம் திருத்தம் கேட்கிற பக்கமும் இதுதான். நீரியல் தரவு பகுப்பாய்வு என்று ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக இப்படி எழுதி வரும்:

"மாணவர்கள் காலத்தொடர் (காலவரிசைப்படி பதிவான தரவு) பகுப்பாய்வைப் புரிந்துகொள்வார்கள்."

புரிந்துகொண்டார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் படிக்கிற உறுப்பினருக்குப் பாடத்தின் ஆழமும் தெரியவில்லை, தேர்வு எப்படி இருக்கும் என்றும் தெரியவில்லை. இப்படி மாற்றிப் பாருங்கள்:

"விடுபட்ட பதிவுகள் உள்ள ஆற்று நீரோட்டத் தரவுக்குப் பொருத்தமான மாதிரியைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்கணிப்புப் பிழையை அளந்து, ஏன் அந்த மாதிரி என்பதை எழுத்தில் நிறுவுவார்கள்."

இதில் மூன்று வினைகள் இருக்கின்றன, மூன்றையும் பார்த்து மதிப்பெண் போட முடியும். அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூமும் உடன் பணியாற்றியவர்களும் 1956-ல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டின் 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் ஆறு நிலைகள் உண்டு: நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுப்பாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். பல குழுக்கள் இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் படிக்கின்றன. முதுநிலைப் பாடத்தின் வினைகள் பெரும்பாலும் கடைசி மூன்றில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். இந்த அட்டவணையைப் பார்த்து வினைச்சொல்லை மட்டும் மாற்றி ஒட்டினால் தெரிந்துவிடும். விளைவு மாறினால் மதிப்பீடும் மாற வேண்டும். 'எழுத்தில் நிறுவுவார்கள்' என்று மேலே எழுதிவிட்டு, கீழே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வுக்கு மொத்த மதிப்பெண்ணையும் வைத்தால், அந்த இடத்தில் யாராவது விரல் வைப்பார்கள். வைக்கத்தான் வேண்டும்.

ஐந்தாறு விளைவுகள் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தக் கட்டுரை, எந்தச் செயல்திட்டம், எந்தத் தேர்வு அதை அளக்கிறது என்று குறித்துவிடுங்கள்.

படி 4: நேரக் கணக்கைப் போடுங்கள்

கிரெடிட் என்பது மாணவரின் நேரம். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 15 வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு மணியும் குறைந்தது இரண்டு மணி வெளிவேலையும் உண்டு. ஐரோப்பிய முறையில் ஒரு முழு ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி. இந்தியாவின் தேசிய கிரெடிட் கட்டமைப்பில் ஆண்டுக்கு 1,200 கற்றல் மணிக்கு 40 கிரெடிட், அதாவது ஒன்றுக்கு 30 மணி. உங்கள் இடத்து அளவு எதுவோ, அதை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள்.

அமெரிக்க அளவில் 3 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 9 மணி, மொத்தம் 135 மணி. இப்போது நம் நீரியல் பாடத்தைப் பார்ப்போம். வாரம் நான்கு ஆய்வுக்கட்டுரை, ஒன்றுக்கு இரண்டு மணி வைத்தால் 8. வகுப்பு 3. நிரல் எழுதும் பயிற்சி 4. ஆக வாரத்துக்கு 15 மணி, பருவம் முழுக்க 225. இறுதிச் செயல்திட்டத்தை இன்னும் சேர்க்கவே இல்லை! மாணவர் இதே பருவத்தில் இன்னும் இரண்டு மூன்று பாடம் எடுத்திருப்பார், சொந்த ஆய்வும் செய்துகொண்டிருப்பார். அந்த விதி சொல்வது குறைந்தபட்ச அளவுதான். ஆனாலும் இந்த இடைவெளியைக் குழு பார்க்காமல் விடாது. கட்டுரைகளை வாரத்துக்கு இரண்டாகக் குறைக்கலாம், அல்லது கிரெடிட்டை உயர்த்தலாம். எதைச் செய்தாலும் கணக்கை ஆவணத்திலேயே காட்டிவிடுங்கள். வாரவாரித் திட்டத்தில் தலைப்பை மட்டும் எழுதாமல், அந்த வாரம் படிக்க வேண்டியது, கொடுக்க வேண்டியது இரண்டையும் எழுதினால் இந்தக் கணக்கு கண்ணுக்குத் தெரியும்.

படி 5: இது ஏன் முதுநிலை?

கடினமாக இருப்பதால் முதுநிலை என்பது பதில் ஆகாது. இளநிலைப் பாடமும் கடினமாக இருக்கலாம். மாணவர் மூல ஆய்வுகளை நேரடியாகப் படிக்கிறாரா, இன்னும் முடிவாகாத விவாதங்களுக்குள் போகிறாரா, தானே ஒரு கேள்வியை எழுப்பிப் பதில் தேடுகிறாரா என்பதைத்தான் குழு தேடும். படிக்க வேண்டியவற்றின் பட்டியலே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். அறிமுகப் பாடநூல் ஒன்று மட்டும் இருந்தால், மீதிப் பக்கங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சந்தேகம் போகாது.

இளநிலை, முதுநிலை மாணவர்கள் ஒரே வகுப்பில் உட்காரும் பாடங்கள் உண்டு. அங்கே இன்னும் கவனம் வேண்டும். "முதுநிலை மாணவர்கள் கூடுதலாக ஒரு கட்டுரை எழுதுவார்கள்" என்ற ஒற்றை வரி போதாது. கூடுதல் விளைவு என்ன, அதற்கான வேலை என்ன, எப்படி மதிப்பிடப்படும் என்று தனியாக எழுதுங்கள். கட்டணம் கட்டி முதுநிலைப் படிப்புக்கு வருகிறவருக்கு இளநிலை வகுப்பில் ஓர் இடம் மட்டும் கிடைப்பது நியாயம் இல்லை. இந்த ஒரு விஷயத்தில் குழுக்கள் கறாராக இருப்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

முன்தேவைகளையும் இங்கேயே சரிபாருங்கள். முன்தேவையாகக் கேட்கிற பாடம் உண்மையில் தொடர்ந்து நடத்தப்படுகிறதா? வேறு துறையிலிருந்து வருகிறவர் அதற்கு ஈடாக எதைக் காட்டலாம்?

படி 6: பக்கத்துத் துறைகளின் சம்மதம்

நம் எடுத்துக்காட்டில் புள்ளியியல் துறை நிச்சயம் கேட்கும்: "காலத்தொடர் எங்களிடம் இருக்கிறதே?" கூட்டத்தில் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். பாடத்திட்டத்தை முன்பே அனுப்பி, எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே வேறுபடுகிறது என்று பேசி, ஆட்சேபம் இல்லை என்று எழுத்தில் வாங்கி இணைத்துவிடுங்கள். நூலகத்திடமும் ஒரு வார்த்தை: இதழ்களும் தரவுத்தளங்களும் இருக்கின்றனவா?

படி 7: கூட்டத்தன்று

உறுப்பினர்கள் தாளை முன்பே படித்திருப்பார்கள். சிக்கல் இல்லாதவற்றை ஒரே தொகுப்பாக, விவாதம் இல்லாமல் நிறைவேற்றும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எந்த உறுப்பினர் கேட்டாலும் ஒரு முன்மொழிவை அந்தத் தொகுப்பிலிருந்து எடுத்து விவாதிக்கலாம். உங்களை அழைத்தால் பாடத்தை மறுபடி முழுக்க விளக்க வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். உங்கள் துறை உறுப்பினர் வாக்களிக்காமல் ஒதுங்கி இருந்தால் வருந்த வேண்டாம், சில இடங்களில் விதியே அப்படித்தான்.

முடிவு நான்கு விதமாக வரும்: ஒப்புதல், சிறு திருத்தத்தோடு ஒப்புதல், திருத்தி மறுபடி கொண்டுவரச் சொல்வது, மறுப்பு. இரண்டாவதும் மூன்றாவதும் சகஜம். திருத்தம் கேட்டால் ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதி அனுப்புங்கள். ஏதாவது ஒரு குறிப்பை ஏற்கவில்லை என்றால் அதற்கான காரணத்தையும் எழுதுங்கள். நன்றாக வாதிட்ட மறுப்பைக் குழு ஏற்றுக்கொள்ளும்.

படி 8: ஒப்புதலுக்குப் பிறகு

பாட எண், தலைப்பு, விவரணை, முன்தேவை எல்லாம் பல்கலைக்கழகப் பாடப் பட்டியலில் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பதிவு தொடங்கும் முன் நீங்களே பாருங்கள். முன்தேவை விடுபட்டிருந்தால் தயாராக இல்லாத மாணவர்கள் முதல் வாரத்திலேயே தவித்துப்போவார்கள்.

பின்னால் வருகிற மாற்றங்களில் வாசிப்புப் பட்டியல், வாரத் தலைப்புகளின் வரிசை போன்றவற்றை வழக்கமாக ஆசிரியரே மாற்றிக்கொள்ளலாம். கிரெடிட், தலைப்பு, முன்தேவை, கற்றல் விளைவு என்று வந்தால் மறுபடி குழுக்களிடம்தான் போக வேண்டும். எது எந்த வகை என்று சந்தேகம் இருந்தால், முதுநிலைக் குழுவின் செயலரிடம் மாற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.