பழைய இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் சில குடும்பங்கள் இப்போது எங்களோடு சேர்ந்து கோட்டை, கோயில் என்று சேலத்தைச் சுற்றி வருகின்றன. ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் நாங்களெல்லாம் தொடக்கத்தில் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள். தொப்பி, தண்ணீர், வெயிலுக்கு முன்னால் கிளம்புவது எல்லாம் உங்களுக்கே தெரியும். மற்றதைச் சொல்கிறேன்.

தூரத்துப் பெயர்களில் தொடங்குவது

தஞ்சாவூரும் மாமல்லபுரமும் எங்கேயும் ஓடிப்போகாது. முதலில் தாரமங்கலம், ஆத்தூர்க் கோட்டை, ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரில் இருக்கும் பழைய புத்தர் சிலை. சோழர் பட்டியலை ஒப்பிக்கும் சேலத்துப் பிள்ளைக்குக் தாரமங்கலத்தை ஆண்ட கெட்டி முதலிகள் யாரென்று தெரியாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது.

கீழே கிடப்பதை எடுத்து வருவது

ஏற்காட்டுக்கு மேலே ஒரு மலைக் கிராமம். மரத்தடிப் பிள்ளையார் மேடையில் விளக்குக்குப் பக்கத்தில் சில வழவழப்பான கற்கள், ஒரு முனை மட்டும் கூராகத் தேய்த்தவை. புதிய கற்காலக் கோடரிகள். சேர்வராயன் மலையில் இவற்றைச் சாமியோடு வைத்துக் கும்பிடுவது உண்டு. கூட வந்த ஓர் அப்பா ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பையனின் பையில் போட்டார். "வீட்டுல சின்னதா ஒரு மியூசியம் வைக்கிறோம்க்கா" என்றார். திருப்பி வைக்கச் சொன்னேன். வைத்தார், ஆனால் முகம் சுண்டிப்போனது. இன்னும் எனக்கு ஆறவில்லை, ஏனென்றால் ஏதாவது ஒரு குடும்பம் இதைத் திரும்பத் திரும்பச் செய்கிறது.

சாமிக்கு வைத்ததை எடுப்பது திருட்டு, அது ஒரு பக்கம். காட்டில் கேட்பாரற்றுக் கிடக்கும் பானை ஓட்டையும் எடுக்கக் கூடாது. எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அதன் வயதைச் சொல்ல முடியும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரியைச் சோதித்ததால்தான் கி.மு. 580 என்ற காலம் தெரிந்தது. இடத்தை விட்டு எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. 1863இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் பிற்காலத்தில் ஏற்காட்டில்தான் குடியிருந்தார். அவருடைய நினைவிடம் இங்கே ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. அங்கே பிள்ளைகளை நிறுத்தி, சேகரித்த பொருள்களை எந்த ஊரில் கிடைத்தவை என்று அவர் பட்டியல் எழுதி வைத்ததைச் சொல்லுங்கள்.

பிள்ளை எதையாவது கண்டுபிடித்தால் கிடந்தபடியே பக்கத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே உட்கார்ந்து வரையட்டும். அப்புறம் வி.ஏ.ஓ.விடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணுக்குள் மறைந்திருந்த மதிப்புள்ள பொருள் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

கல்வெட்டில் மாவு தடவுவது

வேண்டாம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து தெரியும்.

விடையை வாசலிலேயே சொல்லிவிடுவது

தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் இராமன் நிற்கும் தூணிலிருந்து வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து இராமன் தெரியமாட்டான். இதை முன்னாலேயே சொல்லிவிட்டால் பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லை. வாலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, "அம்பு எங்கிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். தூண் தூணாகத் தேடுவார்கள்.

அன்று இரவே கட்டுரை எழுதச் சொல்வது

தூங்க விடுங்கள்.

சர்ச்சைக்குரிய இடத்தை ஒதுக்கிவிடுவது

சேலம் தலைவெட்டி முனியப்பன் கோயில் சிலை புத்தருடையது என்று தொல்லியல் துறை அறிக்கையை வைத்து 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெரியவர்கள் இதைப் பிள்ளைகளிடம் பேசத் தயங்குகிறார்கள். தீர்ப்பையும் சொல்லலாம், அங்கே முனியப்பனாகவே கும்பிட்டு வந்தவர்களின் நம்பிக்கையையும் சொல்லலாம். பத்து வயதில் இரண்டும் புரியும். அங்கேயே நின்று விவாதிக்காமல் வீட்டுக்கு வந்து பேசுங்கள். தியாகனூர் புத்தரை முன்பே பார்த்த பிள்ளை என்றால், உட்கார்ந்திருக்கும் விதத்தையும் கையை வைத்திருக்கும் விதத்தையும் தானாகவே ஒப்பிட ஆரம்பித்துவிடும்.