ஒற்றைக்கொம்பு என்றாலே குறில் அல்ல

மட்டக்களப்பில் கொம்பு என்றதும் பலருக்கு நினைவு வருவது கொம்புமுறிதான். வடசேரி, தென்சேரி என்ற இரண்டு கட்சியினர் வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவி, ஒன்று முறியும்வரை இழுக்கும் கண்ணகி அம்மன் விளையாட்டு. மாட்டின் கொம்பு, மரக்கிளை, ஊதுகிற வாத்தியம் எல்லாவற்றுக்கும் இதே சொல்தான். எழுத்துக்கு இடப்பக்கம் வளைந்து நிற்கும் ‘ெ’ குறிக்கும் அதுவே பெயர். மேலே இன்னொரு சுழி சேர்ந்தால் இரட்டைக்கொம்பு.

ஒற்றை குறில், இரட்டை நெடில் என்று பள்ளியில் படித்தோம். சரி, இன்றைய எழுத்துக்கு அது பொருந்தும். அதையே பழைய ஏட்டிலும் எதிர்பார்ப்பதுதான் நான் அடிக்கடி காணும் பெரிய தவறு. கண்ணகி கதையைப் பாடும் ‘கண்ணகி வழக்குரை’ ஏடு ஒன்றில் ‘கொவலன்’ என்று இருந்தால், எழுதியவருக்கு எழுத்துப் பிழை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பிழையே இல்லை. அவர் எழுதியது கோவலன்தான். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்கிறது தொல்காப்பியம். அதாவது வெறும் கொம்பு நெடில், புள்ளி வைத்தால்தான் குறில். எழுத்தாணியால் குற்று வைத்தால் ஓலை துளைபட்டுவிடும் என்பதால் அந்தப் புள்ளியையும் ஏட்டில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். அப்புறம் ‘கெடு’வா ‘கேடு’வா, ‘கொடு’வா ‘கோடு’வா என்பதை இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். படியெடுக்கிறவர்கள் தயவுசெய்து ஏட்டில் உள்ளதை அப்படியே எழுதி, உங்கள் வாசிப்பைப் பக்கத்தில் தனியாகக் குறியுங்கள். திருத்தி எழுதிவிட்டால், பின்னால் வருகிறவருக்கு மூலம் எதுவென்றே தெரியாது.

கொம்பையே வீரமாமுனிவர்தான் கண்டுபிடித்தார் என்பதும் தவறு. 1680 முதல் 1747 வரை வாழ்ந்த அவர் பெயரில் சொல்லப்படுவது நெடிலுக்கு மேல்சுழி சேர்த்த மாற்றம். அதனால்தான் சுழியில்லாத கொம்பு குறிலுக்கு வந்தது.

கணினியிலும் கொம்பு வழுக்கும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் பழகிய கை முதலில் கொம்பை அடிக்கும், பிறகு எழுத்தை. யூனிகோடில் எழுத்துத்தான் முதலில், இல்லையென்றால் கொம்பு புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். ஐகாரத்துக்கு இரண்டு ஒற்றைக்கொம்பை அடுத்தடுத்து அடிப்பதையும் காண்கிறேன். வைகாசிச் சடங்கு நோட்டீஸில் ‘வெெகாசி’ என்று அடித்தால் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் வைகாசி என்று தேடுகிறவர் கையில் அது அகப்படாது.