போஸ்ட்ஃபிக்ஸ் வரிசை தேங்கும்போது எச்சரிக்கும் ஸ்கிரிப்டை எழுதும் முறை

ஒரு மடலை உடனே சேர்ப்பிக்க முடியாமல் போனால், மின்னஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் அதைக் கைவிட்டுவிடுவதில்லை; ‘டிஃபர்டு’ என்ற வரிசையில் வைத்துக்கொண்டு, இயல்பு அமைப்பின்படி 300 விநாடியில் தொடங்கி 4000 விநாடி வரை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே மறுபடியும் முயன்று, 5 நாள் கழிந்த பிறகுதான் அனுப்பியவருக்கே திருப்பிவிடும். இந்தப் பொறுமைதான் கோளாறைக் கண்ணில் படாமல் மறைக்கவும் செய்கிறது. மடல் தாமதமாவதை அனுப்பியவருக்குச் சொல்லும் ‘டிலே வார்னிங் டைம்’ அமைப்பு இயல்பில் அணைக்கப்பட்டே இருப்பதால், நிர்வாகி வரிசையைக் கவனிக்காவிட்டால் வேறு யாரும் கவனிக்கப் போவதில்லை.

வரிசையைப் படிக்கப் பலரும் ‘போஸ்ட்க்யூ’ கட்டளையை ‘பி’ விருப்பத்துடன் இயக்கி, கடைசி வரியில் வரும் எண்ணிக்கையை வெட்டி எடுப்பார்கள். 3.1 பதிப்பு முதல் ‘ஜே’ விருப்பம் இருக்கிறது. அது ஒவ்வொரு மடலுக்கும் ஒரு வரியாக ஜேசன் வடிவில் வரிசையின் பெயர், வந்த நேரம், அனுப்பியவர், பெறுநர்கள், தாமதத்துக்கான காரணம் ஆகியவற்றைத் தருகிறது. பைத்தானிலோ, ஜேசனைப் பிரிக்கும் ‘ஜேக்யூ’ கருவி கொண்டோ எளிதில் பிரித்துப் படிக்கலாம் என்பதால் இதையே பயன்படுத்துங்கள்.

எதை எண்ணுவது என்பதில்தான் பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் தவறுகின்றன. மொத்த எண்ணிக்கை தனியாக எதையும் சொல்லாது; மாதாந்திரச் செய்திமடல் கிளம்பிய வேளையில், அனுப்பப்பட்டுக்கொண்டிருக்கும் மடல்களுக்கான ‘ஆக்டிவ்’ வரிசை பெருத்திருப்பதும், கிரேலிஸ்டிங் செய்யும், அதாவது அறியாத அனுப்புநரின் மடலை முதலில் தற்காலிகமாக மறுக்கும் சர்வர்களுக்குப் போகும் மடல்கள் சில நிமிடங்கள் டிஃபர்டில் தங்குவதும் இயல்பானவை. மிகப் பழைய மடலின் வயதும் உதவாது, ஏனெனில் டொமைன் பெயரைத் தவறாக எழுதியதால் பதிலே தராத சர்வருக்குப் போகும் ஒரே மடல்கூட 5 நாள் அங்கேயே கிடந்து உங்கள் எச்சரிக்கையை நாள்முழுதும் ஒலிக்கவைக்கும். டிஃபர்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் மடல்கள் எத்தனை என்பதையே நான் முதன்மை அளவாகக் கொள்கிறேன். வந்த நேரம் யூனிக்ஸ் விநாடிகளில் தரப்படுவதால், இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்து 3600-ஐவிட அதிகமானவற்றை எண்ணினால் போதும். வரம்பை ஊகித்து வைக்காதீர்கள்; ஒரு வாரம் எண்களை மட்டும் கோப்பில் பதிந்து, உங்கள் சர்வரின் வழக்கமான உச்சத்தைப் பார்த்து, அதைவிடச் சற்று மேலே வையுங்கள்.

எச்சரிக்கைச் செய்தியில் எண் மட்டும் இருந்தால், நள்ளிரவில் எழுந்தவர் மறுபடியும் சர்வருக்குள் நுழைந்துதான் காரணத்தைத் தேட வேண்டியிருக்கும். ஆகவே தேங்கிய மடல்களைப் பெறுநர் டொமைன் வாரியாகவும் அனுப்புநர் வாரியாகவும் தொகுத்து, முதல் மூன்று இடங்களையும் ஒரு தாமதக் காரணத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே டொமைனுக்கான மடல்கள் மட்டும் நின்றால் அந்தப் பக்கம் கோளாறு, அல்லது நம் ஐபி முகவரியை அவர்கள் தடுத்திருக்கிறார்கள். எல்லா டொமைன்களும் நின்றால் டொமைன் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ்ஸையோ, மடல்கள் வெளிச்செல்லும் 25-ஆம் போர்ட்டையோ சந்தேகிக்க வேண்டும். ஒரே பயனரின் பெயரில் ஆயிரக்கணக்கில் குவிந்தால் அவருடைய கடவுச்சொல் திருடுபோயிருக்கலாம். அனுப்புநராக ‘மெயிலர் டீமன்’ (சர்வரே உருவாக்கும் திருப்பல் மடல்களில் வரும் பெயர்) நிறைந்திருந்தால், ஸ்பேமை உள்ளே ஏற்றுக்கொண்டு, இல்லாத முகவரிகளுக்குத் திருப்பி அனுப்ப நம் சர்வர் முயன்றுகொண்டிருக்கக்கூடும்.

அடுத்தது, நான் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டது. வரிசை காலியாக இருந்தால் ‘ஜே’ விருப்பம் எதையும் அச்சிடாது. போஸ்ட்ஃபிக்ஸே நின்றுபோயிருக்கும்போது சாதாரணப் பயனராக இயக்கினாலும் பிழைச் செய்தி தவிர எதுவும் வராது. வரிகளை மட்டும் எண்ணிய என் ஸ்கிரிப்ட், செத்துக் கிடந்த சர்வரைப் பார்த்து ‘பூஜ்யம், எல்லாம் நலம்’ என்று இரவு முழுதும் எழுதிக்கொண்டிருந்தது. எனவே வெற்றியா தோல்வியா என்பதைச் சொல்லும், கட்டளையின் வெளியேறு எண்ணைச் சோதித்து, அது பூஜ்யமாக இல்லாவிட்டால் தனி எச்சரிக்கை அனுப்புங்கள். பாஷில் பைப் வழியாக இணைத்தால் கடைசிக் கட்டளையின் எண்தான் கிடைக்கும் என்பதால், இடையில் ஒன்று தோற்றாலும் காட்டும் ‘பைப்ஃபெயில்’ அமைப்பை இயக்குவது அவசியம்.

குறித்த நேரங்களில் கட்டளைகளை இயக்கும் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை இயக்குவது போதும். வரிசை மிகப் பெரிதாகும்போது ஒரு ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காதபடி ‘எஃப்லாக்’ மூலம் பூட்டுங்கள். டெபியனில் கிரானின் இயல்புத் தேடுபாதையில் ‘/யூஎஸ்ஆர்/எஸ்பின்’ இல்லை, போஸ்ட்க்யூ இருப்பதோ அங்கேதான். முழுப் பாதையையும் எழுதிவிடுங்கள். இதைத் தவறவிட்டால் வரும் பிழையைக் கிரான் மடலாகத்தான் அனுப்பும், அதுவும் இதே சர்வர் வழியாக.

அதே காரணத்தால் எச்சரிக்கையும் மின்னஞ்சலாகப் போகக்கூடாது. டெலிகிராம் பாட், எஸ்எம்எஸ் சேவை என ஹெச்டிடிபிஎஸ் வழியாகச் செல்லும் ஏதாவதொன்றை ‘கர்ல்’ கொண்டு அழையுங்கள். காத்திருப்புக்கு 10 விநாடி போன்ற உச்ச வரம்பு வையுங்கள். கடைசி நிலையை ‘/வார்/லிப்’ அடைவில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்து, நிலை மாறும்போது மட்டும் செய்தி அனுப்புங்கள். எண்ணிக்கை 50-ஐத் தாண்டும்போது எச்சரிக்கை, 20-க்குக் கீழே இறங்கிய பிறகே ‘சரியாயிற்று’ என்று இரண்டு எல்லைகள் வைத்தால், 49-க்கும் 51-க்கும் இடையே ஊசலாடும்போது கைப்பேசி ஓயாமல் அலறாது. வரிசையைத் தானாகவே காலி செய்யவோ அடிக்கடி ‘ஃப்ளஷ்’ செய்யவோ (எல்லா மடல்களையும் உடனே மறுபடி முயலவைக்கவோ) ஸ்கிரிப்டுக்கு அதிகாரம் கொடுக்காதீர்கள். முன்னது நல்ல மடல்களையும் அழிக்கும், பின்னது சேராத மடல்களுக்காகவே சர்வரை உழைக்கவைத்து மற்ற மடல்களையும் தாமதப்படுத்தும்.

சோதிக்க, எந்த டொமைனின் மடல் எவ்வழி போகும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் அட்டவணையில் ஒரு போலி டொமைனை, மடலை எப்போதும் டிஃபர்டிலேயே வைக்கும் ‘ரீட்ரை’ சேவைக்குத் திருப்பிவிட்டு, வரம்புகளைத் தற்காலிகமாக 2 மடல், 60 விநாடி எனக் குறைத்து, மூன்று மடல்கள் அனுப்பிப் பாருங்கள். பிறகு பயன்பாடு குறைந்த ஒரு வேளையில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி, அந்த எச்சரிக்கையும் வருகிறதா என்று பாருங்கள். இயந்திரமே அணைந்துபோனால் ஸ்கிரிப்டும் சேர்ந்து அணைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் வேறொரு இயந்திரத்துக்கு ஒரு குறி அனுப்பவைத்து, 15 நிமிடமாக அந்தக் குறி வராவிட்டால் அங்கிருந்து எச்சரிக்கை கிளம்பும்படி செய்யுங்கள்.