களிமண்ணில் கலப்பு விலங்கு: ஒட்டுப்போட்டது தெரியாமல் செய்வது எப்படி

கழுகுத் தலை, சிங்க உடல், முதுகில் இறக்கை. இப்படி ஒன்றைச் செய்யும்போது தலையும் வாலும் பெரும்பாலும் சரியாகவே வந்துவிடும். இரண்டு விலங்கும் சேருகிற கழுத்தும் தோளும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் செய்யப்போகும் அதே அளவில் எலும்புக்கூட்டைத் தாளில் வரைந்துவிட்டுத் தொடங்குங்கள். இறக்கைக்கும் ஒரு தோள்பட்டை வேண்டும்; முன்னங்காலின் தோள்பட்டைக்குச் சற்று மேலே, பின்னால் வையுங்கள். முதுகுத்தண்டிலேயே நட்டால் விசிறியைச் செருகியது போலிருக்கும்.

15 செ.மீ. உயர உருவத்துக்குப் பாலிமர் க்ளே (சூட்டில் இறுகும் செயற்கைக் களிமண்) வசதி. உடலுக்கும் காலுக்கும் 2 மி.மீ. அலுமினியக் கம்பி, இறக்கைக்கு 1 மி.மீ. கம்பியை இரட்டையாக முறுக்கியது. பாதத்துக்குக் கீழே 3 செ.மீ. நீட்டி விட்டால் கட்டையில் துளையிட்டுச் செருகலாம். இறக்கை பின்னால் இழுக்கும். ஆகவே க்ளே வைக்கும் முன்பே நிறுத்திப் பாருங்கள். சாய்ந்தால் தலையை முன்னே தள்ளுங்கள், அல்லது வாலைத் தரையில் ஊன்றுங்கள்.

கம்பிமேல் அலுமினியத் தாளைக் கசக்கிச் சுற்றி, கரண்டி முதுகால் தேய்த்து இறுக்குங்கள். தளர்வாக விட்டால் சிக்கிய காற்று சூட்டில் விரிந்து மேற்பரப்பைப் பிளக்கும். அதன்மேல் 5, 6 மி.மீ. க்ளே போதும். (சாதாரணக் களிமண் என்றால் கம்பியே வேண்டாம். காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது, வெடித்துவிடும்.)

கண்ணுக்குக் கண்ணாடி மணியை முதலிலேயே பதித்து, இமையை அதன்மேல் மடியுங்கள். இறகுகளை நுனியிலிருந்து தோளை நோக்கி, ஓடு வேய்வது போல அடுக்க வேண்டும். கழுத்து இறகு சட்டென்று நின்று ரோமம் தொடங்கினால் சட்டைக் காலர் மாதிரி தெரியும். கடைசி மூன்று வரிசையில்தான் வேலை: முதல் வரிசையில் இறகு பாதியாகச் சிறுக்கட்டும், அடுத்ததில் ஒவ்வொரு நுனியையும் ஊசியால் இரண்டு மூன்றாகப் பிளந்துவிடுங்கள், மூன்றாவதில் நடுத்தண்டே இல்லாத வெறும் முடிக்கற்றை. அங்கிருந்து ரோமம் தசையின் வளைவோடு இறங்கட்டும்.

பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 130 டிகிரி செல்சியஸ் வாக்கில், 6 மி.மீ. தடிமனுக்கு 30 நிமிடம் சுடுங்கள். சுடும் அடுப்பு (oven) காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். தனி வெப்பமானி வையுங்கள். கருகினால் வரும் புகை கெட்டது. சூடு குறைந்தால் விரல், கொம்பு எல்லாம் பிஸ்கட் போல ஒடியும். சூட்டில் க்ளே முதலில் இளகும் என்பதால் இறக்கைக்கடியில் கசக்கிய தாளை முட்டுக் கொடுங்கள். அடுப்புக்குள்ளேயே ஆறட்டும்.

வண்ணம் அக்ரிலிக். மேலே ஸ்பிரே வார்னிஷ் அடிக்காதீர்கள்; பல ஸ்பிரேக்கள் பாலிமர் க்ளேயைப் பிசுபிசுக்க வைத்துவிடும். நீர் கலந்த வார்னிஷைத் தூரிகையால் பூசுங்கள்.