"ஒன்றுமில்லை" என்று சொல்லாதீர்கள்: சைக்கிள் விபத்துக்குப் பின் நாம் செய்யும் தவறுகள்

வண்டி இடித்து விழுந்த சைக்கிள்காரர் எழுந்ததும் சட்டையைத் தட்டிவிட்டு, கூடியவர்களைப் பார்த்து, "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்பார். நானும் அதைத்தான் சொன்னேன். வலியைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கார்க்காரர் சாரி சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டி எண்ணைக்கூட நான் பார்க்கவில்லை. இரவு பேஸ்ட் மூடியைத் திருகும்போதுதான் மணிக்கட்டில் உயிர் போனது.

விழும்போது கையை ஊன்றுகிறோம் இல்லையா, அதில் கட்டைவிரல் பக்கம் இருக்கும் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு விரிசல் விடலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போவதுண்டு. 10-14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். தலையில் பட்ட அடியும் அப்படித்தான். தலைவலியும் குமட்டலும் சில மணி நேரம் கழித்துக்கூட வரும். அதனால் போலீஸ் கேட்டால், "இன்னும் தெரியவில்லை, டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதானே. "காயமில்லை" என்று அறிக்கையில் ஏறிவிட்டால், இன்சூரன்ஸ்காரர் பிறகு அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டுவார்.

"நமக்குள் பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பதை நம்புவது இன்னொரு தவறு. மறுநாள் போனை எடுக்க மாட்டார்கள். சைக்கிள்தானே என்று நாமே இளப்பமாக நினைக்கவும் வேண்டாம். 1968 வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளையும் வாகனம் என்றே சொல்கிறது. விபத்தில் சிக்கியவர் நிற்க வேண்டும், கேட்டால் தான் யாரென்று சொல்ல வேண்டும், காயம் இருந்தால் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 31-ஆவது பிரிவு. அது சைக்கிள்காரருக்கும் சேர்த்துத்தான்.

சரி, போலீஸ் வந்துவிட்டார். இப்போது அதிகம் பேசுவதுதான் ஆபத்து. "கொஞ்சம் வேகமா வந்திருப்பேனோ என்னவோ" என்று நீங்கள் முணுமுணுப்பது, எழுத்தில் "வேகமாக வந்தார்" என்று ஆகிவிடும். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். வேகத்தையும் தூரத்தையும் ஊகிக்காதீர்கள். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அறிக்கை எண், அதிகாரியின் பெயர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆம்புலன்ஸில் போனவர்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. நீங்கள் ஸ்ட்ரெச்சரில் கிடக்கும்போது ஓட்டுநர் தன் கதையைச் சொல்லி முடித்திருப்பார். அறிக்கையில் அது மட்டும்தான் இருக்கும். நடக்க முடிந்தவுடன் ஸ்டேஷனுக்குப் போய் உங்கள் வாக்குமூலத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே கோபப்பட்டுப் பயனில்லை.

படம் எடுக்காமல் சைக்கிளை ஓரம் நகர்த்துவதும் பலர் செய்வது. பின்னால் வண்டிகள் வந்து இன்னொரு விபத்தாகும் என்றால் நகர்த்தத்தான் வேண்டும். இல்லையென்றால் முதலில் போன். நம்பர் பிளேட், உடைந்த கண்ணாடி, டயர் தடம், எரிந்துகொண்டிருக்கும் உங்கள் முன்விளக்கு எல்லாம் படத்தில் வரட்டும். விளக்கு முக்கியம், "இருட்டில் தெரியவே இல்லை" என்பதுதான் முதலில் வரும் பதில். "நான் பார்த்தேன்" என்று சொன்னவரின் நம்பரை அப்போதே வாங்குங்கள். பக்கத்துக் கேமராப் பதிவையும் தள்ளிப்போடாமல் கேளுங்கள், சில நாளில் அதன்மேல் வேறு பதிவு ஏறிவிடும்.

அப்புறம், மறுநாளே சைக்கிளை ரிப்பேருக்கு விடாதீர்கள். வளைந்த சக்கரமும் சாட்சிதான். ஹெல்மெட்டின் நுரை ஒரே ஒரு அடியைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் உள்ளே நசுங்கியிருக்கும். அதை மறுபடி போடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். கிழிந்த சட்டையோடு ஒரு பையில் போட்டு, வழக்கு முடியும்வரை பரணில் வையுங்கள்.